ஊரார் ரத்தத்திலிருந்து வந்த ஊசி ஆத்தாவுக்குத் தேவைதானா?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய ஆத்தாவுக்கு வயது 62, எடை 50 கிலோ, 14 வருடமாகச் சுகர். வெறுங்காலோடு வளவில் புழங்குகிறவர். வலது கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் குளிர் காய்ச்சலும் கெண்டைக்காலில் பொறுக்க முடியாத வலியும் வந்தன. மறுநாள் கால் சிவந்தது. அக்கி என்று நினைத்துக் காவி மண் குழைத்து அக்கி எழுதினார்கள். வலி குறைய டைக்ளோபினாக் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஊதா நிறக் கொப்புளம், தலைசுற்றல், சிறுநீர் குறைவு. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்துவிட்டு அன்றிரவே மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே உடனே அறுவை சிகிச்சை. அழுகிய சதையை எடுத்தார்கள், அடுத்தடுத்து மேலும் இரண்டு முறை. இரண்டு விரல்கள் போயின. பரிசோதனையில் வந்த கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ்.

முதல் நாளிலேயே 'மனித இம்யூனோகுளோபுலின்' (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்) போட வேண்டும் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். மூன்று நாளுக்கு 5 கிராம் குப்பி 20. இரண்டு நாள் 15 குப்பி போட்டார்கள். மூன்றாம் நாள் பணம் புரளவில்லை, நிறுத்திவிட்டார்கள். ஆத்தா பிழைத்து வீடு திரும்பிவிட்டார். ஆனால் அண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஆயிரம் பேர் ரத்தத்திலிருந்து எடுத்ததாமே" என்று, ஊசி போட்டு ஐந்து வாரம் கழித்து ஒரு லேபில் ரத்தம் கொடுக்க, 'ஹெபடைட்டிஸ் பி கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. ஊசியால்தான் மஞ்சள் காமாலை ஒட்டிக்கொண்டது, தேவையில்லாமல் விற்றுவிட்டார்கள், புகார் கொடுக்கலாம் என்கிறார் அண்ணன். வாசகிக்கோ வேறு வேதனை: மூன்றாம் நாள் ஊசியை நிறுத்தியது தப்பா? காரைக்குடியிலேயே அதைப் போட்டிருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா? இனி வருடத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டால் திரும்ப வராமல் தடுக்கலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் லேப் ரிப்போர்ட்டையும் பார்த்தேன். கடைசிக் கேள்வியைத் தவிர மற்றவற்றில் உங்களுக்கு நல்ல பதிலே இருக்கிறது.

முதலில் ஆத்தாவின் காலில் நடந்ததைப் புரிந்துகொள்ளுங்கள். தொண்டை வலி உண்டாக்கும் அதே கிருமிதான் இது. விரலிடுக்கு வெடிப்பு வழியே தோலுக்கு அடியில் போய், சதையை மூடியிருக்கும் மெல்லிய உறை வழியாக வேகமாகப் பரவியிருக்கிறது. மேலே தோல் லேசாகச் சிவந்திருக்கும்போதே உள்ளே வலி உயிர்போகும். பார்வைக்குத் தெரிவதைவிட வலி அதிகம் என்பதுதான் இந்த நோயின் முதல் அடையாளம். அந்த அடையாளத்தை டைக்ளோபினாக் ஊசி அரை நாள் மறைத்துவிட்டது. காவி மண்ணும் ஒன்றை மறைத்தது. சிவப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதைத்தான் அந்த நேரத்தில் கவனித்திருக்க வேண்டும், அதன் மேலேயே சிவப்பு பூசிவிட்டீர்கள். அக்கி எழுதியவரைக் குறை சொல்லவில்லை. நல்ல நம்பிக்கையில் செய்திருப்பார்.

இந்தக் கிருமி சதையைத் தின்பதோடு நிற்பதில்லை. சூப்பர் ஆன்டிஜன் என்ற நச்சுகளை ரத்தத்தில் கொட்டுகிறது. நம் வெள்ளணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட எதிரிக்கு மட்டும் விழித்தெழும். சாதாரணத் தொற்றில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் விழிக்கும். இந்த நச்சு ஐந்தில் ஒன்று வரை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். வளவில் ஓர் அறைக்கு என்று செய்த சாவி, வீட்டின் அத்தனை அறைகளையும் ஒரே திருப்பலில் திறந்துவிட்டது போல. அவை எல்லாம் சேர்ந்து வேதிப்பொருட்களைப் பொழிய, ரத்தக்குழாய் கசிகிறது, பிரஷர் விழுகிறது, சிறுநீரகம் நிற்கிறது. இதைத்தான் டாக்ஸிக் ஷாக் என்கிறோம். ஆத்தாவின் சம்மரியில் வந்தபோது பிரஷர் 80/50, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.6, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 74,000 என்று இருக்கிறது. மேல் பிரஷர் 90க்குக் கீழே, அதோடு குறைந்தது இரண்டு உறுப்புகளில் பாதிப்பு என்பது அளவுகோல். கிரியாட்டினினுக்கு 2, தட்டணுவுக்கு ஒரு லட்சம் எல்லை. சதை அழுகலும் அந்தக் கணக்கில் சேரும். ஆத்தா எல்லாவற்றையும் தாண்டியிருந்தார்.

இதற்குச் சிகிச்சை மூன்று அடுக்கு. அழுகியதை வெட்டி எடுப்பது முதல் அடுக்கு. இதற்கு மாற்றே கிடையாது, அழுகிய சதைக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. இரண்டாவது, பெனிசிலினும் கிளிண்டமைசினும். இந்தக் கிருமி இன்றுவரை பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது, ஆனால் அது பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். கூட்டம் பெருத்துப் பெருகுவது மந்தமாகிவிட்டால் பெனிசிலின் தடுமாறும் என்று ஹாரி ஈகிள் 1952லேயே எலிகளில் காட்டினார். கிளிண்டமைசின் கிருமி புரதம் செய்யும் பட்டறையையே பூட்டுகிறது, அதனால் நச்சு உற்பத்தி நின்றுவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்ட நச்சை இரண்டு மருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் மூன்றாவது அடுக்கு, உங்கள் அண்ணன் சந்தேகப்படும் குப்பி.

நம் ஊரில் பெரும்பாலோர் சின்ன வயதில் இந்தக் கிருமியால் தொண்டை வலி, சிரங்கு என்று ஒரு முறையாவது பட்டிருப்பார்கள். அதன் நச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்கள் ரத்தத்தில் இருக்கும். டாக்ஸிக் ஷாக்கில் விழுபவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட எதிர்ப்பொருள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்து, அதிலிருந்து ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை மட்டும் பிரித்தெடுத்தால், ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கும். அண்ணன் பயப்படுகிற 'ஆயிரம் பேர்' என்பதே அந்த மருந்தின் பலம்.

எதிர்ப்பொருளின் உருவம் உண்டிவில்லின் கவட்டை மாதிரி. மேலே பிரியும் இரண்டு கொம்புகள் நச்சையோ கிருமியையோ பிடிக்கும். கீழே இருக்கும் கைப்பிடியை வெள்ளணு பற்றிக்கொண்டு, பிடிபட்டதை விழுங்கும். நச்சைப் பொறுத்தவரை கொம்பு பிடித்தாலே போதும், டி அணுவில் அது ஒட்ட முடியாது. கிருமியும் லேசுப்பட்டது இல்லை. அதன் மேல் முடிபோல நிற்கும் எம் புரதம், எதிர்ப்பொருளைக் கைப்பிடிப் பக்கமாகப் பிடித்துத் தலைகீழாக நிறுத்திவிடும். வெள்ளணு பற்றப் பிடியே இருக்காது. இன்னும் மோசம், ஐடிஇஎஸ் என்ற நொதியை விட்டுக் கவட்டையைக் கைப்பிடிக்கு மேலே நறுக்கிவிடும். (அந்த நொதியையே மருந்தாக்கி, சிறுநீரக மாற்று சிகிச்சையில் தேவையற்ற எதிர்ப்பொருளை அழிக்க ஐரோப்பாவில் 2020ல் அனுமதித்தார்கள். எதிரியின் கத்தி நம் சமையலறைக்கு வந்த கதை.) கிருமி இப்படி நறுக்கித் தள்ளுவதாலும், குறிப்பிட்ட நச்சுக்கான எதிர்ப்பொருள் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான் என்பதாலும் அளவு மில்லிகிராமில் இல்லாமல் கிராமில் போகிறது.

வழக்கமான அளவு, கிலோவுக்கு முதல் நாள் 1 கிராம், இரண்டாம் மூன்றாம் நாள் அரை கிராம். 50 கிலோவுக்கு 50, 25, 25. மொத்தம் 100 கிராம், 5 கிராம் குப்பி 20. உங்களிடம் கேட்ட எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது.

மூன்றாம் நாள் நிறுத்தியது

இதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். ரத்தத்தில் ஏறிய எதிர்ப்பொருளில் பாதி கரைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். இரண்டு நாளில் 75 கிராம் ஏறிவிட்டது, மூன்றாம் நாள் காலை அது அப்படியே வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மூன்றாம் தவணை இல்லாவிட்டால் ஆபத்து என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. சம்மரியின்படி மூன்றாம் நாள் பிரஷர் மருந்தையே குறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த மருந்துக்கு இருக்கும் ஆதாரத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் நடந்து 2003ல் வெளியான சோதனையில் 21 பேர்தான் சேர்ந்தார்கள். ஊசி போட்ட 10 பேரில் ஒருவர் இறந்தார், போடாத 11 பேரில் நால்வர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் தற்செயலை ஒதுக்க முடியாது. ஆள் சேராததால் சோதனையையே பாதியில் முடித்துவிட்டார்கள். 2018ல் ஐந்து ஆய்வுகளை, கிளிண்டமைசினும் பெற்ற 165 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தபோது இறப்பு 33.7 சதவீதத்திலிருந்து 15.7 சதவீதமாகக் குறைந்திருந்தது. மறுபக்கம், டென்மார்க்கில் சதை அழுகல் நோயாளிகள் 100 பேருக்கு நடந்து 2017ல் வெளியான சோதனையில், நாளுக்கு 25 கிராம் மூன்று நாள் கொடுத்தும் ஆறு மாதம் கழித்து உடல் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை. அதில் எல்லா வகைக் கிருமிகளும் கலந்திருந்தன. என் கணிப்பு இது: ஸ்ட்ரெப் கிருமியும் டாக்ஸிக் ஷாக்கும் சேர்ந்தே இருந்தால், முதல் நாளிலேயே கொடுப்பது நியாயம். ஷாக் இல்லாத வெறும் கால் தொற்றுக்குக் கொடுப்பது பணத்தைக் கரைப்பது.

காரைக்குடியிலேயே போட்டிருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று கேட்டீர்கள். தப்பியிருக்காது. இந்த ஊசி செத்த சதைக்கு உயிர் கொடுக்காது. விரலைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாம் நாள் காலையிலேயே போட்ட பெனிசிலினும் கத்தியும்தான். காரைக்குடி மருத்துவர் குப்பிக்காகக் காத்திருக்காமல் அன்றிரவே அனுப்பியது மிகச் சரியான முடிவு, அதற்காக அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

அந்தப் பாசிட்டிவ் ரிப்போர்ட்

அண்ணன் எடுத்த ரிப்போர்ட்டில் ஐந்து வரிகள் இருக்கின்றன. எச்ஐவி நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் சி நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜன் நெகட்டிவ். கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். மேற்பரப்பு ஆன்டிபாடி பாசிட்டிவ். நான்காவது வரியை மட்டும் பார்த்துப் பயந்துவிட்டார். வைரஸ் உடலில் இருக்கிறதா என்று சொல்வது மூன்றாவது வரி, அது நெகட்டிவ். நான்காவதும் ஐந்தாவதும் எதிர்ப்பொருளைக் காட்டுகின்றன. ஆத்தாவின் ரத்தத்தில் ஏற்றியதே எதிர்ப்பொருள்தானே! கொடையாளர்களில் தடுப்பூசி போட்டவர்கள், எப்போதோ நோய் வந்து குணமானவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய எதிர்ப்பொருளும் குப்பியில் இருக்கும். ஐந்து வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சம், லேப் மெஷின் அதைத்தான் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

நிச்சயப்படுத்த வழி உண்டு. இப்போது, புதிய தொற்றைக் காட்டும் கோர் ஐஜிஎம் ஆன்டிபாடியும் வைரஸ் டிஎன்ஏ சோதனையும் எடுங்கள். ஊசி போட்டு ஆறு மாதம் கழித்து அதே ஐந்தையும் திரும்ப எடுங்கள். கோர் ஆன்டிபாடி மறைந்திருந்தால் அது கைமாற்றாக வந்தது. இப்போது எடுக்கும் இரண்டும் நெகட்டிவாக வந்து, அப்போதும் அது இருந்தால் ஆத்தாவுக்கு என்றோ வந்து தானே ஆறிய பழைய தொற்று, அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. ஊசிக்கு முன்பே 5 மில்லி ரத்தம் எடுத்து வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. இதைப் படிக்கும் மற்றவர்கள் யாருக்காவது இந்த மருந்து போட நேர்ந்தால் அதைக் கேட்டு வையுங்கள்.

பயமே ஆதாரமற்றது என்றும் சொல்ல மாட்டேன். 1993-94ல் அமெரிக்காவில் ஒரு தயாரிப்பின் மூலம் ஹெபடைட்டிஸ் சி பரவியது உண்மை. அதற்குப் பிறகு கரைப்பான்-சோப்பு முறை, அமிலத்தில் வைப்பது, நுண்வடிகட்டல் என்று வைரஸை அழிக்கும் படிகள் தயாரிப்பில் வலுவாகச் சேர்ந்தன. கொடையாளர் ரத்தமும் தனித்தனியாகச் சோதிக்கப்படுகிறது. பாம்புக் கடிக்குப் போடும் குதிரை சீரத்தோடும் இதைக் குழப்ப வேண்டாம். இது மனிதப் புரதம்.

உண்மையான அபாயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. வேகமாக ஏற்றினால் தலைவலி, நடுக்கம். அதனால் 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லி என்று தொடங்கி, அரை மணிக்கு ஒரு முறை பார்த்துக் கூட்ட வேண்டும். ரத்தம் உறையலாம், சிறுநீரகம் அடி வாங்கலாம், ஏ, பி, ஏபி வகை ரத்தக்காரர்களுக்கு அடுத்த பத்து நாளில் ஹீமோகுளோபின் இறங்கலாம். சுகர்காரர்களுக்கு இன்னொரு பொறி: சில தயாரிப்புகளில் மால்டோஸ் சேர்ப்பார்கள். சிலவகை குளுக்கோமீட்டர் பட்டைகள் அதையும் சர்க்கரை என்று எண்ணி 300, 350 என்று காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சுகர் பாதாளத்துக்குப் போய்விடும். ஊசி ஏறும்போது லேபில் பார்க்கும் ரத்தச் சர்க்கரையைத்தான் நம்ப வேண்டும்.

புகார் கொடுப்பதற்கு முன்

கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 2002ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதில் மூன்றைப் பாருங்கள்: ஊசி தொடங்கிய நேரத்தில் எழுதிய பிரஷர், கிளிண்டமைசின் தொடங்கிய நேரம், 15 குப்பிகளின் பேட்ச் எண் ஸ்டிக்கர். பில்லில் உள்ள எண்ணிக்கையும் ஸ்டிக்கர் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மருந்து தேவைதானா என்ற கேள்வியில் மட்டும், என் கையில் இருக்கும் சம்மரியை வைத்துப் பார்த்தால், அண்ணன் பக்கம் வலுவில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் சேர்ந்த அன்றே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, இந்த மருந்து திட்டத்தில் வருமா என்று கேட்டிருக்க வேண்டும். இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் வாங்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி சிவகங்கையிலேயே இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. தனியாரில் பணம் முட்டும்போது, நோயாளி தாங்குவாரா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அங்கே மாற்றுவதையும் யோசிக்கலாம்.

வருடத்துக்கு ஒரு முறை

வேண்டாம். தடுப்பூசி என்பது நம் உடலே கற்றுக்கொண்டு செய்வது, சொந்த முதல். இது கைமாற்று. சில மாதத்தில் கரைந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை போட்டாலும் பெரும்பாலான மாதங்கள் கை காலியாகவே இருக்கும், ஆபத்தும் செலவும் மட்டும் மிஞ்சும். இந்தக் கிருமிக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், நோயிலிருந்து மீண்ட ஒருவரின் அணுக்களிலிருந்து ஒரே ஓர் எதிர்ப்பொருளைப் பிரித்திருக்கிறார்கள். எம் புரதத்தின் இரண்டு வெவ்வேறு இடங்களை அதன் இரண்டு கொம்புகளும் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன என்று 2023ல் எழுதினார்கள். பொதுவாக இரண்டு கொம்பும் ஒரே மாதிரி இடத்தைத்தான் பிடிக்கும், அதனால் இது அபூர்வம். எலிகளில் பலன் தெரிந்தது. ஊர் மெடிக்கல் ஷாப்புக்கு வரும் நிலையில் இப்போது இல்லை.

ஆத்தாவுக்குச் செய்ய வேண்டியது இதைவிட மலிவு. விரலிடுக்கு சேற்றுப்புண்தான் கிருமி நுழைந்த வாசல், இடது காலிலும் பாருங்கள். குளித்ததும் ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி, குளோட்ரிமசோல் களிம்பு காலை மாலை, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலுக்குக் கீழே கைக்கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கள், சுகரால் மரத்த காலில் முள் குத்தினாலும் ஆத்தாவுக்குத் தெரியாது. ஆத்தங்குடிக் கல் தரை குளுமையாக இருக்கிறது என்று வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், வீட்டுக்குள் போட என்று தனியாக ஒரு ஜோடி மெத்துச் செருப்பு வாங்குங்கள். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போவதை நிறுத்தச் சொல்லவில்லை, வெயில் ஏறும் முன் போய் வாருங்கள். வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். ஃப்ளூவுக்குப் பின்னால் இந்தக் கிருமி வருவது தெரிந்த விஷயம், ஏற்றிய எதிர்ப்பொருள் அந்தத் தடுப்பூசியைக் கெடுக்காது.

மறுபடி எப்போதாவது கால் சிவந்து காய்ச்சல் வந்தால், மண்ணோ மஞ்சளோ பூசாமல், சிவப்பின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால், அல்லது வலி சிவப்பைவிடப் பெரியதாக இருந்தால், 108ஐக் கூப்பிடுங்கள். அண்ணனை முன்கூட்டியே ஒரு கோடு போட்டுப் பழகச் சொல்லுங்கள்.